போதும் உடு

ஜூலை 8, செவ்வாய்

டிரம்மு, இன்று வெயில் சரியான காட்டம். காற்றே இல்லை. தோல் பதனிடுகிற ஷாப் வாடை தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது.

இந்த நோட்டு டயானா கொடுத்தது. ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லித் தருகிற பெண். குடியாத்தம் பக்கம். நம் கீர்த்தியை விட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். "தினமும் எழுதுங்கக்கா. வலி பத்துக்கு எத்தனைன்னு போடுங்க. இன்னா செஞ்சா ஜாஸ்தி, இன்னா செஞ்சா கம்மி, எல்லாம். நான் பார்ப்பேன்" என்றாள். ஏழாவதோடு நின்றவளிடம் நோட்டைக் கொடுத்து எழுது என்கிறாள். சிரித்துவிட்டேன்.

முன்பக்கத்திலிருந்து அவளுக்கு. பின்பக்கத்திலிருந்து உனக்கு. நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உன்னை டிரம்மு என்று கூப்பிட்டு மூன்று மாதத்துக்கு மேலே ஆகிறது. வெளியே யாருக்கும் தெரியாத பேர். நாள் பூராவும் ஷாப்பில் தோல் சுற்றுகிற டிரம்மை ஓட்டிவிட்டு வந்து, வீட்டிலும் அதே சத்தத்தில் குறட்டை. இப்போது வீடு கரண்ட் போன ஷாப் மாதிரி இருக்கிறது.

வ 7. (வ என்றால் வலி. டயானாவுக்கு நீட்டி எழுதினேன். உனக்கு இது போதும்.)


ஜூலை 9, புதன்

நேற்று டாக்டர் சொன்னதை எழுத விட்டுவிட்டேன்.

இடது தோள். நான் பீச்சாங்கைக்காரி, எல்லா வேலையும் அந்தக் கையில்தான். ஷூ கம்பெனியில் மேல்தோலுக்கு ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, தலைக்கு மேலே இருக்கிற ரேக்கில் காயவைக்க வேண்டும். தடவு, தூக்கு, வை. தடவு, தூக்கு, வை. பதினோரு வருஷம். கை கீழே தொங்கினால் ஒன்றும் இல்லை. காதுக்கு மேலே போனால் உள்ளே பிளேடு போட்டு இழுக்கிற மாதிரி.

டாக்டர் கையைத் திருப்பினார், தூக்கச் சொன்னார், அழுத்தினார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது: "ஷோல்டர்ல தண்டனை."

வீடு வரும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவருக்கு யார் சொன்னது என்று கூட நினைத்தேன்.

கீர்த்தி சீட்டைப் பார்த்தாள். "டெண்டன்மா. டெண்-டன். தசையை எலும்போட சேத்துக் கட்டுற நாரு. அது தேஞ்சி வீங்கிக்கீது. தண்டனையாம்! எங்கேருந்து புடிக்கிற இதெல்லாம்?" விழுந்து விழுந்து சிரித்தாள். உன் பெண் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. அதற்காகவே இன்னும் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

டெண்டன். டெண்டன். டெண்டன்.

எழுதும்போது சரியாக வருகிறது. மனதுக்குள் சொன்னால் பழையதுதான் வருகிறது.

வ 7.


ஜூலை 12, சனி

சாயந்திரம் தூறல். ஐந்து நிமிஷம். மண்ணைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

டயானா சொன்னவை:
– குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. கிணற்று வாளி மாதிரி. இருபது.
– சுவரில் விரல் விரலாக மேலே ஏறுவது. பல்லி. பத்து.
– துணியில் சுற்றிய ஐஸ். பத்து நிமிஷம்.
– சுளுக்கு எடுக்கிறவரிடம் போகக் கூடாது. யாரையும் அமுக்க விடக் கூடாது.
– இடது பக்கம் படுக்கக் கூடாது. கைக்குக் கீழே தலையணை.

தலையணை உன்னுடையது. இடது பக்கம் படுக்கக் கூடாது என்றால் உன் இடத்துக்கு முதுகைக் காட்டிப் படுக்க வேண்டும். அதை டயானாவிடம் சொல்ல முடியுமா.

கம்பெனி ரேக்கின் மேல்தட்டு எவ்வளவு உயரம் என்று அளந்து வந்தேன். கீர்த்தி சுவரில் அந்த உயரத்தில் சிவப்புக் கோடு போட்டாள். என் தலைக்கு மேலே ஒரு முழம். இன்று பல்லி ஏறியது மூக்கு வரைக்கும். அங்கே பென்சில் கோடு.

சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் கீழ்த்தட்டில் வை. அதற்குள் மேல்தட்டுக்குக் கை போகவில்லை என்றால் கிளீனிங் டேபிள். கிளீனிங் டேபிளுக்குப் போனவர்கள் யாரும் லைனுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்து நேராக வீட்டுக்குத்தான்.

பல்லி ஏறும்போது எதிர்வீட்டு ஜன்னலில் ஷமீம் அக்கா. என் லைனில்தான் அவளும், தையல் மிஷினில்.

"இன்னாடி தேவி, கையத் தூக்கித் தூக்கிக் காமிக்கிற? பஸ்ஸ நிறுத்துறியா?"

"ஆமாக்கா. ஏறிக்கிறியா?"

"உன் பஸ்ஸு போற வேகத்துக்கு நான் நடந்தே போய்டுவேன், போ."

வ 6. ஐஸ் வைத்த பிறகு 5.


ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறுகளில் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கே எல்லா வீட்டிலும் பிரியாணி வாசனை. ஜன்னலைச் சாத்தினேன். வாசனைக்கு ஜன்னலா முக்கியம்.

அன்றும் ஞாயிறு. நீ சாப்பிட்டு எழுந்தாய். இடது தோளைப் பிடித்துக்கொண்டாய். "வாயு ஏறிடுச்சி தேவி. கறி ஜாஸ்தியாப் போச்சி. இங்க கொஞ்சம் அமுக்கு." வாயு. நம் ஊரில் தோள் பிடித்தால் வாயு, முதுகு பிடித்தால் வாயு, நெஞ்சை அடைத்தால் வாயு. யாரும் இரண்டாவது பேர் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அமுக்கினேன். "போதும் உடு" என்றாய். முனைக்கடைக்குச் சோடா வாங்கப் போனேன். வழியில் ஷமீம் அக்கா. அவள் மிக்ஸி ரிப்பேரானதைப் பற்றி நின்று பேசினோம். மிக்ஸி, டிரம்மு. மிக்ஸி.

திரும்பி வந்தபோது கையில் சோடா பாட்டில் சில்லென்று இருந்தது. நீ நாற்காலியில் சாய்ந்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில், நெஞ்சுதான், வலி தோளில் காட்டும் என்றார்கள். காட்டுமாம். எனக்குத்தான் காட்டியது. நான்தான் பார்க்கவில்லை.

கீர்த்தி அப்போது தோழி வீட்டில் இருந்தாள். இன்னும் கேட்கிறாள்: "அப்பா கடைசியா இன்னாம்மா சொன்னாரு?" உன்னைத்தான் எங்கே என்று கேட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய். நீ சொன்னது இரண்டே வார்த்தை. அதை அவளிடம் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும்.

ஓமம் டப்பாவை அவளிடம் கொடுத்துப் பரணில் வைக்கச் சொன்னேன். என் கை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

வ 7. (முன்பக்கத்தில் 5 என்று போட்டேன்.)


ஜூலை 17, வியாழன்

வெயில். ரேஷன் கடை லீவு. கீர்த்திக்குக் காலேஜில் பரீட்சை.

டாக்டரிடம் கேட்டே விட்டேன். எனக்கும் இடது தோள்தான், என் வீட்டுக்காரருக்கும் இடது தோள்தான், எனக்கும் நெஞ்சாக இருக்குமோ என்று. அவர் கோபப்படவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார். "உங்க ஹார்ட்டு நல்லா ஓடுதும்மா. உங்களுக்கு தோளு மட்டும்தான்" என்றார். அந்தச் சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கோடு கோடாக, சின்னச் சின்ன மலை.

உனக்கு இப்படி ஒரு சீட்டு எடுத்ததே இல்லை.

இன்னொன்று. காலையில் ஆட்டோ. ஷமீம் அக்கா வீட்டுக்காரர் பாபு பாய்தான் எங்கள் தெருப் பெண்களைக் கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார், அது உனக்குத் தெரியும். இன்று ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நின்ற நேரத்தில் வலது கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னா பாய்?"

"வாயு தங்கச்சி. நேத்து கல்யாணத்துல தால்ச்சா ஊத்தி ஊத்தி அடிச்சிட்டேன்."

"அவரு வயித்துல அண்டாவே எறங்கும்" என்றாள் ஷமீம் அக்கா. ஆட்டோ பூராவும் சிரிப்பு. பாய் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். அதற்கும் சிரிப்பு.

நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் போக அவ்வளவு நேரம் ஆனது.

வ 5.


ஜூலை 22, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

டயானா ரப்பர் பட்டை கொடுத்திருக்கிறாள். கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்க வேண்டும். "வலி வந்தா நிறுத்துங்க. இழுபடற மாதிரி இருந்தா பரவால்ல, வெட்டற மாதிரி இருந்தா நிறுத்துங்க." இழுபடுவதற்கும் வெட்டுவதற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வதற்கே ஒரு வாரம்.

பல்லி கண்ணுக்கு நேரே. மூக்கைத் தாண்டிவிட்டது.

சாயந்திரம் பாய் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, உனக்கு ஆஸ்பத்திரில குடுத்த ஜெல்லு கீதாமே. கொஞ்சம் குடு. ஓமத்துக்குக் கேக்க மாட்டேங்குது, பேஜாரா கீது."

"டாக்டர்கிட்ட காமிங்க பாய்."

"எதுக்கு? உனக்கு டெண்டன்னு சொன்னாங்க இல்ல? எனக்கும் அதான். உனக்கு ரேக்கு, எனக்கு ஹேண்டில் பாரு. நாளெல்லாம் புடிச்சிக்கினு கீறேன். ஒரே கம்ப்ளெய்ண்டுக்கு ரெண்டு பேரு எதுக்குப் போவணும்?"

எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது, டிரம்மு. டெண்டன் என்று ஒரு பேர் வந்துவிட்டதே, வாயு இல்லை, நெஞ்சும் இல்லை. என் ஈ.சி.ஜி. சீட்டையே அவருக்கும் சேர்த்து எடுத்த மாதிரி நினைத்துக்கொண்டேன். "ஆமா பாய், பயப்பட ஒன்னும் இல்ல, எனக்கும் இதேதான் இருந்திச்சி" என்று என் வாயால் சொன்னேன். ஜெல் டியூபைக் கொடுத்தேன். வாளி ஆட்டுவதையும் காட்டிக்கொடுத்தேன். அவர் ஆட்டோ மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்து ஆட்டினார். "நம்மாளு தண்ணி இறைக்கிறாரு பாரு" என்றாள் ஷமீம் அக்கா.

வ 4.


ஜூலை 27, ஞாயிறு

ஷாப் எல்லாம் லீவு. காற்று சுத்தமாக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது இப்போது.

மூன்று மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். எதிர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. பாய் உட்கார்ந்திருக்கிறார், பனியனோடு. ஷமீம் அக்கா பின்னால் நின்று அவர் இடது தோளை அமுக்குகிறாள். கீழே ஓமத் தண்ணீர் பாட்டில், பச்சை மூடி. ஷமீம் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜன்னலைச் சாத்தினேன்.

எண்ணினேன். நீ எத்தனை நாள் முன்னால் தோளைத் தேய்க்க ஆரம்பித்தாய்? எனக்கு நினைவு வரவில்லை. ஒரு மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு அது கூட நினைவு இல்லை.

பயிற்சி செய்யவில்லை. முன்பக்கத்தில் செய்ததாகப் போட்டிருக்கிறேன்.


ஆகஸ்ட் 2, சனி

நல்ல மழை, விடியற்காலையில். தெருமுனையில் தண்ணீர் தேங்கி ஆட்டோ நின்றுவிட்டது. நாங்கள் இறங்கினோம், பாய் தள்ளினார். நாலடி தள்ளியதும் நின்றார். முகம் பூராவும் வேர்வை. மழைக் காற்று அடிக்கிறது, எங்களுக்கெல்லாம் குளிர்கிறது. அவருக்கு வேர்வை.

"வலிக்குதா பாய்?"

"ஒன்னும் இல்ல. தோளு. நின்னா போய்டும்." நின்றார். போய்விட்டது. "பாத்தியா? உன் ஜெல்லுதான். சூப்பர் மருந்து. இன்னொரு டியூப் வாங்கினு வா."

கம்பெனியில் கவனமே இல்லை. ஒரு ஜோடியில் சொல்யூஷன் வெளியே வழிந்து, சூப்பர்வைசரிடம் பேச்சு. "கைதான் சரியில்லன்னா கண்ணுமா?"

எதுவோ சரியில்லை. எது என்று சொல்ல வரவில்லை. ஆட்டோவை அவர் தள்ளியது வலது தோளால். இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

வ 4.


ஆகஸ்ட் 6, புதன்

டயானா முன்பக்கத்தைப் படித்தாள். "சூப்பர்க்கா. நெத்தி வரைக்கும் வந்துட்டீங்க." பின்பக்கத்தைத் திருப்பப் போனாள். நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். "அது வூட்டுக் கணக்கு."

பிறகு கேட்டேன். எங்கள் ஆட்டோக்காரருக்கும் இடது தோள் வலி, என் பயிற்சியைத்தான் அவரும் செய்கிறார், கை சும்மா தொங்கும்போது கூட வலிக்குமா என்று.

டயானா ரப்பர் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எப்போ வலிக்குதாம்?"

"வண்டி தள்ளும்போது. இன்னொரு தோளால தள்ளும்போது. நின்னா போய்டுதாம்."

"அக்கா, கையைத் தூக்குனா வலிக்குதா, அதைக் கேளுங்க. உங்களுக்கு தூக்குனா வலிக்கும், தொங்கவுட்டா வலிக்காது. அதான் டெண்டன். கையை அசைக்கவே இல்ல, நடந்தா வலிக்குது, நின்னா நிக்குதுன்னா அது தோளு இல்ல. நாளைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. என்கிட்ட இல்ல. நெஞ்சு டாக்டர்கிட்ட."

அது தோளு இல்ல. பஸ்ஸில் வரும்போது பூராவும் அது.


ஆகஸ்ட் 7, வியாழன்

காலை, ஆட்டோ கிளம்பும் முன்.

"பாய், இந்தக் கையைத் தூக்குங்க."

"எதுக்கு? எலெக்சனா?"

"தூக்குங்களேன்."

தூக்கினார். நேராக, காதை ஒட்டி, வானத்தைப் பார்த்து. சட்டென்று. விரலையெல்லாம் ஆட்டிக் காட்டினார். "போதுமா? இன்னும் மேல வேணுமா?" சிரிக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரு மாதமாக நான் சுவரில் ஏறி ஏறி நெற்றியைத் தாண்ட முடியாத கை, அவருக்குப் புதுக் கதவு மாதிரி திறக்கிறது.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. கை அவ்வளவு நன்றாகப் போனதே, அதைப் பார்த்துத்தான்.

உன் ஞாயிறு நினைவு வந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் நீதான் அலமாரி மேலிருந்து பெரிய தட்டை எடுத்தாய். இடது கையால். எக்கி. அதற்கு முந்தின நாள் ஒட்டடை அடித்தாய். அந்தத் தோளில் ஒரு கோளாறும் இல்லை, டிரம்மு. எனக்குத் தெரிந்திருந்தால் கையைத் தூக்கு என்று ஒரு தடவை சொல்லியிருப்பேன்.

பாயிடம் சொன்னேன், நெஞ்சு டாக்டரிடம் இன்றே போங்கள் என்று. "வாயுவுக்கு நெஞ்சு டாக்டர்கிட்ட போனா கம்பவுண்டர் கூட சிரிப்பான்" என்றார். நான் விடவில்லை. குரல் உயர்ந்துவிட்டது போல. ஷமீம் அக்கா இறங்கி என் பக்கத்தில் வந்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"தேவி, உனக்கு வந்தது பெரிய கஷ்டம்தான், நான் இல்லேன்னு சொல்லல. அதுக்காக உன் வூட்டுக்காரருக்கு ஆனத என் வூட்டுக்காரர் தலையில கட்டாத. நல்லா கீற மனுஷனை காலங்காத்தால..."

மற்ற பெண்கள் கீழே பார்த்தார்கள்.  கம்பெனி வரைக்கும் பாய் ஒரு ஏப்பம் கூட விடவில்லை.

ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ. எல்லார் தோளிலும் எனக்கு உன் தோள் தெரிகிறதோ.

வ எழுதவில்லை.


ஆகஸ்ட் 9, சனி

இரண்டு நாளாக பஸ்ஸில் போகிறேன். கூட்டம். மேல் கம்பியைப் பிடிக்க முடியாது, சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பல்லி: தலை உச்சி. கீர்த்தி கோட்டுக்குப் பக்கத்தில் பூ வரைந்து வைத்திருக்கிறாள்.

ஷமீம் அக்கா ஜன்னல் சாத்தியிருக்கிறது. இந்தத் தடவை அவள் சாத்தியது.


ஆகஸ்ட் 11, திங்கள்

நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து சரியாக வராது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் பஸ் வரவில்லை. ஆட்டோ என் முன்னால் நின்றது. "ஏறு தங்கச்சி, கோவத்தை கேட்ல போய் எறக்கி வெச்சிக்கலாம்" என்றார் பாய். ஷமீம் அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம். ஆட்டோ ஓரத்தில் மெதுவாக ஒதுங்கியது. பாய் இன்ஜினை நிறுத்தினார். "ரெண்டு நிமிஷம். வாயு." பச்சை மூடி பாட்டிலை எடுத்தார். மூடி திறக்க வரவில்லை அவருக்கு. சட்டை முதுகு பூராவும் நனைந்திருந்தது.

"ஷமீம், இங்க கொஞ்சம் அமுக்கு."

அதே வார்த்தை. அதே இடம்.

ஷமீம் அக்கா பின்னாலிருந்து கையை வைத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அடித்தேன் என்றே சொல்ல வேண்டும். "அமுக்காத! அமுக்காதக்கா!" என்று கத்தினேன். யாரோ "லேட் பஞ்ச் ஆயிடும்" என்றார்கள். யாரோ "மறுபடியும் ஆரம்பிச்சிட்டா" என்றார்கள். ஷமீம் அக்கா என்னை முறைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சாம்பல் நிறம். அதன் பிறகு என்னை அவள் முறைக்கவில்லை.

ரோட்டுக்கு ஓடினேன். கையைத் தூக்கினேன். மூன்று கார் நிற்கவில்லை. நாலாவது, உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றின ஒரு டெம்போ. நின்றது. டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முன் சீட்டைக் காலி செய்தார். பாயை நாலு பேர் சேர்ந்து ஏற்றினோம். நாற்றத்தில் ஷமீம் அக்காவுக்கு வாந்தி. நான் பின்னால் தோல் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். உன் சட்டை வாடை.

முதலில் ஆம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சீட்டைப் பார்த்ததும் அந்த டாக்டர் எழுந்துவிட்டார். ஊசி, மாத்திரை, ஆம்புலன்ஸ், வேலூர்.

இப்போது மணி நாலு. வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, பையிலிருந்த நோட்டில் எழுதுகிறேன். உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாது. ஷமீம் அக்கா ஓதிக்கொண்டே மணிமாலை உருட்டுகிறாள். அவள் தோள் என் மேலே சாய்ந்திருக்கிறது, இடது பக்கம். வலிக்கிறது. நகரவில்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாய் இருக்கிறார்.

ரத்தக் குழாயில் அடைப்பாம். கம்பிக் கூடு மாதிரி ஒன்று வைத்தார்களாம். ஷமீம் அக்காவும் நானும் டாக்டர் முன்னால் நின்றோம். அவருக்குச் சின்னப் பையன் மாதிரி முகம், களைப்பு.

"யாரு உடனே கூட்டிட்டு வந்தது?"

ஷமீம் அக்கா என்னைக் காட்டினாள்.

"நல்ல வேலை பண்ணீங்க. பாதிப் பேரு வாயுன்னு சொல்லி வூட்லயே இருந்துடறாங்க. இன்னும் அரை மணி நேரம் அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னா..." அவர் முடிக்கவில்லை. நல்ல மனுஷன். சந்தோஷமான செய்தியைக் கெடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

ஷமீம் அக்கா என் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைக்கு நான் இன்னா செய்வேன்" என்று அழுதாள். அந்தக் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், டிரம்மு. ஆட்டோ நின்றதிலிருந்து ஆம்பூர் ஆஸ்பத்திரி வரைக்கும் இருபத்தைந்து நிமிஷம். நீ தோளைப் பிடித்ததிலிருந்து நான் சோடாவோடு வந்தது வரைக்கும் எவ்வளவு என்று இன்று முழுக்கக் கணக்குப் போட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவினேன், ஓமம் கொதிக்க வைத்தேன், அமுக்கினேன், மிக்ஸியைப் பற்றிப் பேசினேன்.

ஐம்பது. குறைத்துப் போட்டாலும் நாற்பத்தைந்து.

நேரம் இருந்திருக்கிறது. இவ்வளவு நாள் அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

வ 8. நேற்று கையை வீசித் தூக்கியதால்.


ஆகஸ்ட் 14, வியாழன்

டயானா தோளை அழுத்திப் பார்த்தாள். "கிழியலை. எரிச்சல்தான். மூணு நாள் ஐஸ், அப்புறம் மறுபடியும் பல்லி." பிறகு, "ரோட்டுல எவ்ளோ உயரம் தூக்கினீங்க?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். தெரியாதுதான். வலித்ததா என்று கேட்டாள். அப்போது தோள் இருந்த நினைவே இல்லை.

"ஷமீம் அக்கா உங்க பொண்ணுகிட்ட நம்பர் வாங்கி எனக்குப் போன் போட்டு அழுதாங்க. நீங்கதான் அவருக்கு மறுஉயிர் குடுத்தீங்களாம்."

"நான் மொதல்ல ஜெல்லு குடுத்தேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

வானம் மூடிக்கொண்டு இருக்கிறது, பெய்யவில்லை. புழுக்கம்.

பல்லி சிவப்புக் கோட்டைத் தொட்டது. நடுவிரல் நுனி. கீர்த்தி கத்தினாள், கை தட்டினாள். நாளை சூப்பர்வைசரிடம் மேல்தட்டு வேலைக்குச் சொல்லலாம். கிளீனிங் டேபிள் இல்லை. வ 3.

மதியம் எதிர்வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பாய் வீட்டுக்கு வந்துவிட்டார், அவருக்குக் கஞ்சி, ஊருக்குப் பிரியாணி. ஜன்னல் வழியாகக் குரல்: "தங்கச்சி, எனக்கும் சேத்து ஒரு வாய் துன்னு!" "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?" என்று ஷமீம் அக்கா அதட்டல். உயிரோடு இருக்கிற வீட்டின் சத்தம்.

கீர்த்தி சாப்பிட்டாள். நான் ஒரு வாய் வைத்தேன். உள்ளே போனது.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ம்மா, அன்னிக்கு அப்பாவுக்கும் கையைத் தூக்கினா வலிச்சிச்சா?"

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாய் கதையைத் தெருவே பேசுகிறதே. நான் பிரியாணிப் பாத்திரத்தை மூடி வைத்தேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து "அப்பா விஷயத்துல இனிமே பொய் சொல்லாதம்மா" என்றாள். கோபமாக இல்லை.

சரி, சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். உன் இரண்டு வார்த்தையை அவளுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

அன்று அமுக்கியது இடது கையால். என் தோள் வலி அப்போதே ஆரம்பித்திருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. கட்டைவிரலை ஊன்றி அழுத்தினேன், உள்ளே வெட்டியது, "ஸ்" என்றேன். சின்னதாகத்தான். நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். உடனே "போதும் உடு" என்றாய். உனக்கு வலி விட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு நான் சோடா வாங்கப் போனேன்.

கீர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.

வலி நின்றதால் சொன்னாயா, டிரம்மு, இல்லை என் கைக்காகச் சொன்னாயா?